வாலிபர், இளைஞர், விடலை, இளையோர்: கோயில் பிரிவுக்கு எந்தப் பெயர்?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் உங்கள் ஆலயத்தில் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்காகப் புதிய பிரிவு ஒன்று தொடங்குகிறீர்கள். வரப்போகிறவர்களில் பாதிப்பேர் பெண்பிள்ளைகள். செயலவையில் ஒருவர் 'வாலிபர் அணி' என்கிறார், தலைவர் 'இளைஞர் பிரிவு' போதும் என்கிறார், இன்னொரு பெரியவர் 'விடலை'தான் அசல் பழந்தமிழ், அதையே வைப்போம் என்கிறார். எது சரியான தமிழ் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே சரியான தமிழ்தான், அகராதியைப் புரட்டினால் மூன்றும் ஒன்றையொன்று கைகாட்டும். ஆனால் நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. பலகையில் அந்தப் பெயரைப் பார்க்கும் 19 வயதுப் பெண் 'இது எனக்கும்தான்' என்று நினைத்து உள்ளே வருவாளா, அதுதான் உங்கள் கவலை. அதற்கு அகராதியைப் பார்த்துப் பயனில்லை, சொல்லை யார் யாருக்குச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் படித்துவிட்டு, இங்கே ஒரு நாளிதழில் மலாய்ச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அதனால் மலேசிய அச்சு வழக்கைப் பற்றியும் தமிழ்நாட்டு அச்சு வழக்கைப் பற்றியும் துணிந்து பேசுவேன். யாழ்ப்பாண வழக்கைப் பற்றிச் சொல்வதை மட்டும் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்களிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

'இள' என்ற அடியிலிருந்து தொடங்குகிறேன். இளநீர், இளவெயில், இளஞ்சூடு, இளஞ்சிவப்பு, இளவேனில், இந்தச் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒன்று தெரியும்: இவற்றில் எங்குமே வயது இல்லை, முற்றாத நிலைதான் இருக்கிறது. தொல்காப்பிய உரியியலில் 'மழவும் குழவும் இளமைப் பொருள' என்று ஒரு நூற்பா இருக்கிறது, அங்கும் ஆண்டுக் கணக்கு கிடையாது. அதே நூலின் மரபியல் என்ற பகுதியில் இளமைப் பெயர்கள் என்று பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைச் சொல்லிவிட்டு, எந்த உயிருக்கு எது பொருந்தும் என்று தொல்காப்பியர் தனித்தனியாக விளக்குவார். பார்ப்பும் பிள்ளையும் பறவைக்கு, குட்டி என்பது கீரி, காட்டுப்பூனை, எலி, அணில் இவற்றுக்கு என்று போகும். நாம் இன்று அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்கிறோம், தென்னங்கன்றைக்கூடத் தென்னம்பிள்ளை என்கிறோம், ஆகவே அந்த எல்லைகள் எப்போதோ கலைந்துவிட்டன. ஆனால் அந்த மனப்பாங்கு அப்படியே இருக்கிறது. இளமையைச் சொல்லும் தமிழ்ச்சொல் ஒவ்வொன்றும் 'எத்தனை வயது' என்று சொல்வதைவிட 'யாருடைய இளமை' என்று சொல்வதில்தான் குறியாக இருக்கும்.

இனி 'இளைஞர்'. கவிஞர், அறிஞர், கலைஞர் போலவே பலர்பால் வடிவம், இலக்கணப்படி ஆண் பெண் இரண்டுக்கும் பொது. உங்கள் தலைவர் இந்த இலக்கணத்தை வைத்து வாதிட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் வழக்கு அந்த வழியில் போகவில்லை. 'இரண்டு இளைஞர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்' என்று செய்தியில் படித்தால் உங்கள் மனத்தில் யார் வருகிறார்கள்? இரண்டு பையன்கள்தானே. 'கவிஞர்' என்றால் பெண்ணும் வருவார், 'இளைஞர்' என்றால் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறவர்கள் 'இளைஞர்களும் இளம்பெண்களும்' என்று சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. 'இளைஞி' என்ற வடிவம் இலக்கணத்துக்கு ஒத்துவருவதுதான், சிலர் விரும்பி எழுதுகிறார்கள், வரவேற்கிறேன். ஆனால் வீட்டிலோ கடையிலோ யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை, கேட்கிறவர் ஒரு கணம் தயங்குவார்.

நம் நாட்டில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மலாய்மொழியில் 'பெலியா' என்றால் ஆண் பெண் இருபாலரும், 'பெமுடா' என்றால் பெரும்பாலும் ஆண்கள். அமைச்சின் பெயரில் இருப்பது பெலியா, அரசியல் கட்சியின் பிரிவில் இருப்பது பெமுடா. தமிழ் நாளிதழ்களில் நாங்கள் இரண்டையும் 'இளைஞர்' என்றே எழுதிப் பழக்கிவிட்டோம்: இளைஞர் விளையாட்டுத்துறை அமைச்சும் 'இளைஞர்', அம்னோ கட்சியின் இளைஞர் பிரிவும் 'இளைஞர்'. கட்சிகளில் இளைஞர் பிரிவு ஒரு பக்கம், மகளிர் பிரிவு ஒரு பக்கம் என்று இருப்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே 'ஆலய இளைஞர் பிரிவு' என்று பலகை வைத்தால், ஓர் அம்மா தன் மகளிடம் 'அது பையன்களுக்கு, நீ மகளிர் பிரிவில் சேர்' என்று சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பெண் மகளிர் பிரிவுக்குப் போனால் அங்கே எல்லாரும் அவள் அம்மா வயது. இரண்டு கூட்டத்திலும் ஒட்டாமல், கடைசியில் வராமலே இருந்துவிடுவாள். ஒரு பெயர் இவ்வளவு செய்யுமா என்றால், செய்யும் என்று நான் நம்புகிறேன்.

'வாலிபர்' விஷயம் வேறு. அதில் தவறு ஏதும் இல்லை, அழகான சொல், 'வாலிப வயசு', 'வாலிப முறுக்கு' என்று பேச்சிலும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அமைப்புப் பெயராக வரும்போது அதற்கு ஒரு வாசனை உண்டு. தமிழ்க் கிறிஸ்துவர்களிடையே அது மிகவும் வேரூன்றிய சொல்: விவிலியத்தில் பிரசங்கியின் புத்தகத்தில் 'உன் வாலிபப்பிராயத்திலே உன் சிருஷ்டிகரை நினை' என்று வரும் வரி பல பேருக்கு மனப்பாடம், திருச்சபைகளில் 'வாலிபர் கூட்டம்' என்பது அன்றாடப் பேச்சு. தமிழ்நாட்டில் இன்னொரு பக்கம் இடதுசாரி வழக்கு. ஒரு கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்து 1980-இல் தொடங்கிய அமைப்பு 'இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம்', இன்னொரு கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த அமைப்போ 'அனைத்திந்திய இளைஞர் பெருமன்றம்'. பக்கத்துப் பக்கத்து அரசியலிலேயே ஒருவர் வாலிபர், ஒருவர் இளைஞர். பொருளில் வேறுபாடு இல்லை, யார் வாயில் பழகியது என்பதில்தான் வேறுபாடு. நம் ஆலயத்தில் 'வாலிபர் அணி' என்றால் யாரும் கோபப்படமாட்டார்கள், ஆனால் கேட்கிறவர்களில் சிலர் 'எந்தச் சபை?' என்று கேட்கக்கூடும். அதோடு இதற்கும் இயல்பான பெண்பால் கிடையாது, 'வாலிபப் பெண்' என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு சிறு குறிப்பு: தமிழ்நாட்டுக் குற்றச்செய்திகளில் 'வாலிபர் கைது' என்று வரும் இடத்தில் நம் மலேசிய நாளிதழ்களில் 'ஆடவர் கைது' என்று வரும். இங்கே வாலிபர் என்ற சொல் செய்தியில் குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், இது என் ஊகம்தான்.

பெரியவர் சொன்ன 'விடலை' எனக்கு மிகவும் பிடித்த சொல், அதனால்தான் அதை வைக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் விளக்கம் தர வேண்டியிருக்கிறது. பழைய இலக்கியத்தில் விடலை என்றால் வீரன், பாலை வழியில் காதலியை அழைத்துக்கொண்டு போகும் துணிந்த தலைவன். செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களில் ஒன்றான பன்னிரு பாட்டியலில் ஆண்களின் பருவங்களாகப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று வரும், அந்த வரிசையில் காளைக்கு 16, விடலைக்கு 30 வரை என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் பெரியவர் சொல்வது உங்கள் உறுப்பினர்களின் வயதுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் இன்றைக்கு 'விடலைப் பையன்' என்றால் என்ன? மீசை அரும்புகிற, சொல்பேச்சு கேட்காத, பொறுப்பு வராத பையன். 'விடலைப் பருவம்' என்பதை மனநல மருத்துவர்களும் ஆசிரியர்களும் பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரர்களைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்துகிறார்கள். முப்பது வயது வரை போன வீரன் பதினைந்து வயதுப் பையனாகிவிட்டான். பழம்பொருள் எவ்வளவு பெருமையாக இருந்தாலும், இன்றைய காதில் விழுவது இன்றைய பொருள்தான். அதோடு பினாங்கிலிருந்து வந்தவர்கள் உங்கள் செயலவையில் இருந்தால், தைப்பூச ரதத்துக்கு முன் உடைக்கும் விடலைத் தேங்காய்தான் முதலில் ஞாபகம் வரும். அது வேறு சொல், சிதறுகாய் என்பதன் இன்னொரு பெயர்.

பருவப் பெயர்கள் என்று வந்துவிட்டதால், வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் அந்தப் பெண்களின் ஏழு பருவங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் கடைசியில் 'மங்கையர் பிரிவு' என்று தனியாக வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40 என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்தப் பெயர்கள் இருப்பது உறுதி, பாட்டியல் நூல்கள் இவற்றைச் சொல்வது உறுதி. ஆனால் வயதுக் கணக்கு நூலுக்கு நூல் மாறும். அதைவிட முக்கியமானது, இந்த வகுப்பு உலா இலக்கியத்துக்காக உருவானது. அரசனோ இறைவனோ வீதியில் பவனி வர, ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவதாகப் பாடுவதற்குப் புலவருக்கு ஒரு சட்டகம் தேவைப்பட்டது. வீட்டில் யாரும் மகளுக்கு 20 ஆனதும் 'நீ இன்றுமுதல் அரிவை' என்று சொன்னதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. குறுந்தொகை இரண்டாம் பாட்டில் 'செறியெயிற்று அரிவை கூந்தலின்' என்று வருமே, அங்கே அரிவை என்றால் வெறுமனே இளம்பெண், காதலி, இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. இன்றோ பேதை என்றால் அறியாதவள், மங்கையர் என்றால் பொதுவாகப் பெண்கள், பெதும்பையும் தெரிவையும் புழக்கத்திலேயே இல்லை. ஆகவே 'மங்கையர் பிரிவு' என்றால் 50 வயது அம்மாவும் வரலாம், அதில் தப்பில்லை, ஆனால் உங்கள் நோக்கம் அதுவல்ல.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 13, 14 வயதுப் பிள்ளையைப் பற்றி எழுதும்போது, பழைய பட்டியலில் இருக்கிறதே என்று 'மங்கை', 'யுவதி', 'இளம்பெண்' என்றெல்லாம் எழுதாதீர்கள். நம் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் எல்லாரும் சிறார். பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையைச் செய்தியில் 'இளம்பெண்' என்று எழுதும்போது, நடந்த கொடுமையின் கனம் அந்தச் சொல்லால் குறைந்துபோகிறது. 'சிறுமி' என்றே எழுத வேண்டும் என்று நான் செய்தி மேசையில் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். இன்றும் போடுவேன்.

பதின்வயதினரைத் தனியாகக் குறிக்க வேண்டி வந்தால் 'பதின்ம வயதினர்' நல்ல புதுச்சொல். பதினெட்டு, பதினேழு என்பதில் வரும் 'பதின்'தான் அடிப்படை, பத்தொன்பதில் அது இல்லை, பதினொன்றில் இருக்கிறது, ஆனாலும் வழக்கில் நிலைத்துவிட்டது, ஏற்றுக்கொள்ளலாம். அதைச் சுருக்கிப் 'பதின்மர்' என்று எழுதுவதை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். பதின்மர் என்றால் பத்துப் பேர். திருக்குறளுக்குப் பதின்மர் உரை உண்டு என்றால் பத்துப் பேர் எழுதியது என்று பொருள், பதின்ம வயதுப் பிள்ளைகள் எழுதியது என்றல்ல. தமிழ்நாட்டு அரசு வழக்கில் 'வளரிளம் பருவத்தினர்' என்று ஒரு சொல் இருக்கிறது, சுகாதார, கல்வித்துறை ஆவணங்களில் நிறையப் பார்க்கலாம். இங்கே அது அவ்வளவாகப் பரவவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கேட்ட 'ரெமாஜா' என்ற மலாய்ச்சொல்தான் சட்டென்று புரிகிறது.

பேச்சுவழக்கில் இருக்கும் சொற்களை அமைப்புப் பெயரில் வைக்க மாட்டீர்கள், ஆனாலும் மேடையில் வாய்தவறி வரும் என்பதால் இரண்டு மூன்றைச் சொல்கிறேன். 'இளவட்டம்' உற்சாகமான சொல், தெற்கத்திக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்குவது கல்யாண வயதுப் பையன்களின் பலத்தைப் பார்ப்பதற்கு, ஆகவே இதுவும் ஆண்பக்கமே சாயும். 'குமரி' என்பது கன்னியாகுமரியில் தெய்வப்பெயர், தமிழ் முஸ்லிம் வீடுகளில் 'குமர்' என்றால் மணமாகாத மகள், ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு உதவுவது 'குமர் காரியம்'. இவையெல்லாம் பெண்ணின் இளமையை அவள் திருமணத்தோடு கட்டிப்போடும் சொற்கள். ஆணுக்கு அப்படி இல்லை, கல்யாணமாகி இரண்டு பிள்ளை இருந்தாலும் அவன் இளைஞன்தான். அதே வயதில் அவள் 'பொம்பளை' ஆகிவிடுகிறாள். இந்த ஏற்றத்தாழ்வு நம் பேச்சில் ஆழமாக ஊறியிருக்கிறது, அதனால்தான் உங்கள் பிரிவின் பெயரில் இவ்வளவு கவனம் தேவை என்கிறேன். அப்புறம் யாழ்ப்பாணப் பேச்சில் 'பெடியன்', 'பெட்டை' என்பது சாதாரணமாகப் பையன், பெண். நம் காதில் பெட்டை என்றால் கோழி. அங்கிருந்து வந்த ஓர் அம்மா பாசமாகச் சொன்னால் யாரும் முகம் சுளிக்க வேண்டாம், நாம் திருப்பிச் சொல்லவும் வேண்டாம்.

வயது எல்லை பற்றிக் கேட்டீர்கள். தமிழில் எந்தச் சொல்லிலும் 35 என்றோ 40 என்றோ எழுதியிருக்கவில்லை, அது சட்டமும் அமைப்பும் வைக்கும் கோடு. ஐக்கிய நாடுகள் சபை புள்ளிவிவரத்துக்காக 15 முதல் 24 வரை என்கிறது. இந்தியாவின் 2014 தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வரை என்றது, சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது 35 வயதுக்குள் உள்ள எழுத்தாளருக்கு. நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டு இளைஞர் சங்கங்கள், இளைஞர் மேம்பாட்டுச் சட்டத்தில் 15 முதல் 40 வரை இருந்தது, அதை 30 ஆகக் குறைக்கும் திருத்தம் 2019-இல் நிறைவேறியது. நீங்கள் ஆலயத்தின் உட்பிரிவாக மட்டும் நடத்துவதானால் 35 வைப்பது உங்கள் விருப்பம். தனி இளைஞர் சங்கமாகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் 35 சிக்கலாகும், பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு விதிமுறை எழுதுங்கள்.

சரி, எந்தப் பெயர்? என் பரிந்துரை 'இளையோர் பிரிவு'. 'இளையோர்' என்ற சொல் ஆணையும் காட்டாது, பெண்ணையும் காட்டாது, மணமானவரா இல்லையா என்றும் கேட்காது. 'மூத்தோர், இளையோர்' என்று இணைத்துப் பேசிப் பழகிய சொல் என்பதால் பெரியவர்களுக்கும் அந்நியமாக இராது. சிங்கப்பூரில் 'இளையர்' என்று வழங்குகிறார்கள், அங்கே தேசிய இளையர் மன்றமே இருக்கிறது, அதுவும் இருபாலருக்கும் பொருந்தும் நல்ல சொல்தான். சங்கப் பாடல்களில் 'இளையர்' என்றால் தலைவனோடு செல்லும் ஏவலரும் வீரரும், ஆனால் அந்தப் பொருள் இன்று யார் மனத்திலும் இல்லை, ஆகவே அது தடையில்லை. மலேசியக் காதுக்கு 'இளையோர்' இன்னும் கொஞ்சம் பழக்கம் என்பதால்தான் அதைச் சொல்கிறேன். 'இளையோர்' சொல்லில் ஒரு குறை உண்டு: 'இளைய' என்பது ஒப்பீட்டுச் சொல், அறுபது வயதுக்காரரும் எழுபது வயதுக்காரருக்கு இளையவர்தான். அதனால் பலகையின் கீழே சிறிய எழுத்தில் '15 முதல் 35 வயது வரை, ஆண் பெண் இருபாலரும்' என்று போட்டுவிடுங்கள். தலைவர் 'இளைஞர்' என்பதில் பிடிவாதமாக இருந்தால், அதையே வைத்துக்கொண்டு இந்த ஒரு வரியையாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

உறுப்பினர் படிவம் அச்சடிக்கும்போது பெயருக்கு முன்னால் செல்வன், செல்வி, குமாரி, திருமதி என்று கட்டம் போட வேண்டாம். 'செல்வி' என்றால் மணமாகாதவள் என்று ஆகிவிட்டது, 32 வயதில் ஒரு பெண் அந்தக் கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு யோசிக்க வேண்டிய அவசியம் என்ன? பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் போதும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டுவிடுங்கள்.